சிறுநீர்க் கசிவுக்கு இயன்முறை சிகிச்சை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிவதை வயதின் கோளாறு என்றோ பிள்ளை பெற்றவர்களுக்கு இயல்பு என்றோ சொல்லி, நாப்கின் வைத்துக்கொண்டே காலத்தைத் தள்ளுவோர் பலர்; சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளை வலுப்படுத்தினாலே பெரிதும் குறையக்கூடிய தொல்லை இது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்வோர் குறைவு. மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் விளக்கிய, இத்தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் பயிற்சியே இன்றும் முதற்கட்ட சிகிச்சை. ஒரு தடவைக்கு 8 சுருக்கங்களாக, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம் செய்ய வேண்டும். ஆனால், மூச்சை அடக்கிப் பிட்டத்தை இறுக்கி, தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்கினால் கசிவு கூடவும் செய்யலாம். ஆகவே பிசியோதெரபிஸ்ட் (இயன்முறை சிகிச்சையாளர்) பரிசோதித்துக் கற்றுத்தருவதே நல்லது. புரோஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்களுக்கும் இது பொருந்தும். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் இதைப் படங்களுடன் விளக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்