சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலைத்த உணவு முறை பற்றிய கூட்டங்களில் பழங்குடிகளைத் தொடக்க விழாவுக்கு அழைக்கிறார்கள், முடிவெடுக்கும்போது மறந்துவிடுகிறார்கள். இதில் இழப்பு யாருக்கு என்பதற்கு மக்காச்சோளமே சாட்சி.

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் வழுக்கிக் கழன்றுவரும்வரை கழுவி, பிறகுதான் அரைப்பார்கள். தானியத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை உடலுக்குக் கிடைக்கச் செய்வது அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மைதான். ஐரோப்பியர் விதையை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளிடம், நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் பரவியது. தோல் புண், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், கடைசியில் சாவு.

விதையை மட்டும் சேகரித்து, எதனுடன் கலந்து விதைப்பது, எப்படிச் சமைப்பது என்று அந்தச் சமூகத்தைக் கேட்காமல் விட்டால் இதே தவறுதான் திரும்ப நடக்கும்.

2007-ஆம் ஆண்டின் ஐ.நா. பழங்குடிகள் உரிமைப் பிரகடனம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பிரிவு 31 விதைகள் மீதும் மரபறிவு மீதும் அவர்களுக்குள்ள உரிமையைச் சொல்கிறது. அவர்களைப் பாதிக்கும் சட்டத்துக்கு முன்கூட்டியே, கட்டாயமின்றி, முழு விவரமறிந்த சம்மதம் பெற முயல வேண்டும் என்கிறது பிரிவு 19. ஆகவே சட்ட வரைவு அவர்கள் மொழியில் போகட்டும். விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் கூட்டம் வேண்டாம். பிரதிநிதியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதையும் பதிவு செய்யுங்கள். வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்