ரேக் அடுப்பின் விசிறி டிரைவ் கோளாறு இன்னும் சரி செய்யப்படாதது குறித்து

பெறுநர்: மேலாளர், விற்பனைக்குப் பின் சேவைப் பிரிவு

பொருள்: விசிறி மோட்டாரின் டிரைவ் ‘வெளிக் கோளாறு’ காட்டி அடிக்கடி நிற்பது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ரேக் அடுப்பு எந்த மாடல், அதன் விசிறி மோட்டாரை ஓட்டிக் கட்டுப்படுத்த என்ன டிரைவ் போட்டிருக்கிறீர்கள் என்பதை உங்கள் ஆட்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. புகார் எண்ணைத் தட்டினால் உங்கள் கணினியிலேயே எல்லாம் வரும். கோளாறும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அடுப்பு நன்றாகச் சூடேறி, பிரெட் தட்டுகள் அடுக்கிய ரேக் உள்ளே போய், பிரெட் பாதி வெந்திருக்கும்போது விசிறி நின்றுவிடுகிறது. டிரைவின் திரையில் ‘இஎஃப்’, அதாவது வெளிக் கோளாறு (External Fault), என்று வருகிறது. கூடவே பர்னரும் அணைகிறது. அது அணையத்தான் வேண்டும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற பிரெட் அப்படியே அமுங்கிவிடும். ரீசெட் செய்து மறுபடி ஓட்டினாலும் அது குப்பைக்குத்தான்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் கடைசியாகப் பேசியவரைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும். “திரையில வெளிக் கோளாறுன்னுதானே வருது? அப்போ எங்க மெஷின்ல ஒண்ணுமில்ல, உங்க லைனைப் பாருங்க. விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் கொடுங்க” என்றார். சரி, விவரம் தெரிந்தவர் யாரென்று பார்ப்போம். வெளிக் கோளாறு உண்டா இல்லையா என்று டிரைவுக்குச் சொல்லும் சிக்னல் கம்பி, மோட்டார் சுருளின் வெப்ப ஸ்விட்ச், மோட்டார் அதிக மின்சாரம் இழுத்தால் திறக்கும் ஓவர்லோடு ரிலேயின் 95–96 கான்டாக்ட், விசிறி அறை மூடி சாத்தியிருக்கிறதா என்று பார்க்கும் லிமிட் ஸ்விட்ச் ஆகிய மூன்றின் வழியாகவும் தொடராகப் போய் வருகிறது. எது திறந்தாலும் 24 வோல்ட் அறுபடும், டிரைவ் நிற்கும். இந்த மூன்றில் எதை நான் வாங்கி மாட்டினேன்? எல்லாம் உங்கள் தொழிற்சாலையில் பொருத்தி, உங்கள் வயரிங் படத்திலேயே வரைந்து கொடுத்தவை. மின் இணைப்பில் தவறு என்றால் மின்னழுத்தக் குறைவு, ஃபேஸ் இழப்பு என்று டிரைவ் வேறு குறியீடு காட்டும். கோளாறுப் பதிவைத் திறந்து பார்த்தால் வரிசையாக இந்த ‘இஎஃப்’ குறியீடு ஒன்றுதான். அந்தப் பதிவைப் பார்க்கச் சொல்லி நான் கெஞ்சியபோது எதிர்முனையில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் வராமல் இல்லை. வந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் அடுப்பு ஆறிய பிறகுதான் வருவார், காய்ச்சல் விட்ட பிறகு நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி. ஆறிய அடுப்பில் விசிறி ஒழுங்காகத்தான் ஓடும். “ஒரு ரேக் வேகும் வரை இருந்து பாருங்கள்” என்று கேட்டால், அடுத்த இடத்துக்குப் போக வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்புறம் ஒரு நாள் டிரைவையே மாற்றினார்கள், அதற்கு பில்லும் போட்டார்கள். பழைய டிரைவின் செட்டிங்குகளைக் குறித்துக்கொள்ளக்கூட இல்லை. புதியதில் வெளிக் கோளாறு உள்ளீடு தலைகீழாக இருந்தது. மூடியைச் சாத்தினால் டிரிப் ஆகி நின்றது, திறந்தால் விசிறி ஓடியது! என் பணியாள் கை பக்கத்தில் இருந்தபோதுதான் அது சுற்ற ஆரம்பித்தது. உங்கள் ஆள் “ஓ, இதை மாத்தணும்ல” என்று பட்டனை அழுத்திச் சரி செய்துவிட்டு தேநீர் கேட்டார். மறுநாளே அதே ‘இஎஃப்’. கெட்டுப்போகாத டிரைவை மாற்றினால் கோளாறு எப்படிப் போகும்?

கடைசியில் எங்கள் எலக்ட்ரீஷியன்தான், அடுப்பு சூடாக ஓடும்போதே கண்ட்ரோல் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். சூட்டில் மூடியின் தகடு விரிந்து, லிமிட் ஸ்விட்சின் நெம்புகோலை விட்டு விலகுகிறது. மூடி சாத்தியே இருந்தாலும் கான்டாக்ட் திறந்துவிடுகிறது. அது மட்டுமா? அந்த ஸ்விட்சுக்குப் போகும் வயர், 70 டிகிரி வரைதான் தாங்கும் சாதாரண பிவிசி வயர். அதை அடுப்பின் கூரை மேல் ஓட்டி, மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியும் வைத்திருக்கிறீர்கள். கண்ட்ரோல் வயரை மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி, தனியாகக் கொண்டுபோகச் சொல்லி டிரைவோடு வந்த கையேடே சொல்கிறது. அதை உங்கள் தொழிற்சாலையில் யாரும் புரட்டவில்லை போலிருக்கிறது.

இதைச் சொல்லத்தான் மறுபடி அழைத்தேன். வேறொருவர் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன யோசனை: அந்த மூன்று ஸ்விட்சுகளையும் தாண்டி, சிக்னல் கம்பி வந்து சேரும் இரண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு ஓட்டுங்கள். சோதனைக்காக, பக்கத்தில் ஆள் நின்று, ஒரு நிமிடம் செய்வது வேறு. அப்படியே ஓட்டினால் மோட்டார் கருகினாலும் டிரைவுக்குச் சேதி போகாது, திறந்த மூடிக்குள் விசிறி சுற்றினாலும் நிற்காது. இதை மின்னஞ்சலில் எழுதித் தாருங்கள் என்றதும் தொடர்பு துண்டிக்கப்பட்டது.

எங்கள் நஷ்டத்தை நான் கணக்கிடவே முடியாது. வாங்குபவர்கள் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள், தொழிலே நாசமாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தாலும் உங்கள் நிறுவனத்தின் மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருப்பதால்தான் தன்மையாக எழுதுகிறேன்.

லிமிட் ஸ்விட்சையும் அதன் தாங்கியையும், சூட்டில் விலகாத விதமாக மாற்றித் தாருங்கள். வெப்பம் தாங்கும் சிலிகான் வயரைத் தனிப் பாதையில் இழுத்துத் தாருங்கள். தேவையே இல்லாமல் மாற்றிய டிரைவுக்கு வாங்கிய பணம் திரும்ப வர வேண்டும். போனில் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு வாரத்துக்குள் பதில் இல்லையென்றால், அழைப்புப் பதிவுகள், மீட்டர் அளவீட்டுப் படங்கள், சர்வீஸ் தாள்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். தயவுசெய்து அதற்கு இடம் தராதீர்கள்.

ஆள் அனுப்புவதாக இருந்தால், அடுப்பு சூடாக இருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். ஆறிய அடுப்பைப் பார்த்துவிட்டுப் போகும் எந்தத் தாளிலும் இனி கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
பேக்கரி உரிமையாளர்