ஒன்பதாவது குறிப்பு

ஏற்காடு
டிசம்பர் 18

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பழம் பறிக்கும் பருவம், உடனே உட்கார முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் குழுவில் இருக்கும் பிள்ளைகள் உன் நீளமான மின்னஞ்சலைப் பாதியில் மூடிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சேலம் அரசு கலைக்கல்லூரி விடுதியில் மெஸ் கணக்கை உப்புப் பொட்டலம் வரை எழுதி ஒட்டியவர்கள் அல்லவா நாம்? அன்றும் எல்லோரும் தலைக்கு எவ்வளவு என்ற கடைசி வரியை மட்டும்தான் பார்த்தார்கள்.

எனக்கும் இந்தப் பருவத்தில் சரியான அடி. தோல் நீக்கிய காபிக் கொட்டையின்மேல் ஒரு வழவழப்பு இருக்கும். தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் போட்டு வைத்தால் அது புளித்துக் கரையும். குளிர் கூடினால் நேரமும் கூடும். வேளை தப்பினால் வாடை கொட்டைக்குள் இறங்கிவிடும், பிறகு எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போகாது. இரவு வேலைக்காரருக்குப் பதினொரு குறிப்புகள் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தொட்டி மூலையில் பழைய கொட்டை தங்கக் கூடாது, தோல் நீக்கும் பல்பர் இயந்திரத்தைக் கழுவி வைக்க வேண்டும், தண்ணீர்க் குழாயை மூட வேண்டும், எல்லாம் இருந்தது. இரண்டாம் தொட்டியை விடியற்காலை ஐந்து மணிக்குள் கழுவ வேண்டும் என்பது ஒன்பதாவது. காலையில் போனால், கொட்டகைக் கதவைத் திறக்கும் முன்பே புளிச்ச வாடை.

கத்தினேன். அவர் சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்து நீட்டினார். "எல்லாமே முக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள் சார். எது முதலில் என்று எழுதவில்லையே" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அங்கே வெகுநாளாகக் கொட்டை கழுவும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். வழுக்கினால் பேசாமல் போய்விடுவார். கூழாங்கல்லைப்போல் கரகரத்தால், "கழுவலாம்" என்பார். ஒரே சொல். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த நாளிலிருந்து என் குறிப்பு இல்லாமலே கழுவிக்கொண்டுதான் இருக்கிறார்கள்!

அதற்காகக் குறிப்பு நோட்டைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அக்கா விடுப்பு எடுத்தால் அந்த அறிவும் விடுப்பு எடுத்துவிடும். நோட்டு ஆணியில் தொங்குகிறது, வேண்டியவர் புரட்டட்டும். கரும்பலகையில் மூன்றே வரி: எந்தத் தொட்டி, யார் பொறுப்பு, எத்தனை மணிக்குள். "புரிந்ததா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன், எல்லோரும் "சரி சார்" என்றுதான் சொல்வார்கள். "முதலில் எந்தத் தொட்டி?" என்று கேட்கிறேன். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

சுருக்குகிற வேகத்தில் ஒருமுறை அதிகமாகவே வெட்டிவிட்டேன். கழுவிய கொட்டையைக் காயவைக்க, "களத்தில் பரப்பவும்" என்று மட்டும் எழுதினேன். குவியல் குவியலாகக் கொட்டி வைத்துவிட்டார்கள். முன்பு நான்கு சென்டிமீட்டர் என்று எழுதுவேன், யாரும் அளந்ததில்லை. இப்போது "இரண்டு விரல் கனம்". விரலை வைத்துப் பார்க்கிறார்கள். அளவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அது அவர்கள் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான். உன் பிள்ளைகளுக்கு எது விரல் கனம் என்று உனக்குத்தான் தெரியும்.

போன ஞாயிறு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். உன் அம்மா தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூல் கட்டி வைத்திருக்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். பொங்கலுக்குக் காத்திராமல் இந்த வாரமே வந்து மாற்றிக் கொடு.

இதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

உன் பழைய அறைத்தோழன்