அந்த நாவலை மறுபடியும் அலமாரியில் வையுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக் குழுவிலுள்ள அண்ணன்மாருக்கும் ஐயாமாருக்கும் வணக்கம்.

புருஷனை விட்டு ஓடுகிறவளின் கதை என்று சொல்லி, போன மாதம் அந்த மர்ம நாவலை எடுத்துவிட்டீர்கள். குடும்பப் பெண்கள் வந்துபோகிற இடம் என்றீர்களாம். நானும் குடும்பப் பெண்தான். கொழுந்தெடுத்துவிட்டு வந்து, பிள்ளைகள் தூங்கியபிறகு மூன்று ராத்திரியில் வாசித்து முடித்தேன்.

அவள் திடீரென்று ஓடவில்லை. முதலில் அடையாள அட்டையை ஒளித்து வைக்கிறாள். அப்புறம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். பஸ் காசு கொஞ்சங்கொஞ்சமாகச் சேருகிறது. அவள் போன மறுநாள் அவன் செத்துக் கிடக்கிறான். கொன்றது யார் என்று இங்கே சொல்லமாட்டேன், வாசிக்காதவர்கள் இருக்கிறார்கள்.

என்னை உலுக்கியது வேறு இடம். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பது, "அன்றைக்கு ராத்திரி என்ன சத்தம் கேட்டது?" புத்தகத்தை மூடிவிட்டேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் காம்பராவுக்குக் காம்பரா ஒரு சுவர்தான், தகரக்கூரை எல்லாருக்கும் ஒன்று. இருமினாலே கேட்கும். அடி விழுகிற சத்தம் மட்டும் கேட்காதா? விடிந்ததும், வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற பெரட்டுக்களத்தில், அடிபட்டவள் முகத்தைப் பார்த்து, "எங்க விழுந்த?" என்போம். நானும் அப்படிக் கேட்டவள்தான். கதையில் ஒரு சாவு விழுந்தபிறகு கேட்கிற கேள்வியை, உயிரோடு இருக்கிறவளுக்காக நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிபடுகிறவள் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளுக்காகப் பொலிஸும் கேட்கலாம். கட்டளை 12 மாதம்வரை நிற்கும். ஆனால் அவளுக்கு வேலை, காம்பரா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே தோட்டத்தில். தாய்வீடு அடுத்த டிவிஷனில் இருந்தாலும், "அனுசரிச்சுப் போ" என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படி இருக்க, ஒரு கதையை வாசித்துவிட்டு யார் ஓடிவிடப் போகிறார்கள்?

நாவலைத் திரும்ப வையுங்கள். முதல் பக்கத்தில் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938ஐ பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இரவல் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு நேரே எத்தனை பெண்கள் பெயர் இருக்கிறது என்று பார்த்தீர்களா? அவர்களையும் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். சமையலை முடித்துவிட்டுப் பத்து மணிக்கு நான் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசிகசாலை அங்கத்தவர் ஒருத்தி,
ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து