கொரோனா: நோய் முற்றுமா என்று கணிக்கும் முன் மூச்சை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவமனையில் சேரும் கொரோனா நோயாளிகளில் யாருக்கு நோய் முற்றும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்ற கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தோம். இந்தக் கணிப்புகளின் பழைய கணக்கு அவ்வளவு பெருமைப்படும்படி இல்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு தொகுப்பாய்வு, 2020 ஜூலை தொடக்கம் வரை வெளியான 232 கொரோனா கணிப்பு முறைகளை (நோய் இருக்கிறதா என்று கணிப்பவையும் சேர்த்து) அலசி, நம்பிக்கை தருபவை என இரண்டை மட்டுமே தேற்றியது. லண்டனில் 411 நோயாளிகளிடம் 22 முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நிலை மோசமாகுமா என்பதற்கு ஆக்ஸிஜன் வைக்காமல் வெளிக்காற்றில் எடுத்த ரத்த ஆக்ஸிஜன் அளவையும், உயிருக்கு ஆபத்தா என்பதற்கு வயதையும் தனியாக வைத்துப் பார்த்ததைவிட எந்த முறையும் மேலாகச் சொல்லவில்லை.

மருத்துவமனையில் சேர்ந்தவர் இறக்கும் ஆபத்தைக் கணிக்கும், பரவலாகச் சோதிக்கப்பட்ட '4சி' ஸ்கோர் கேட்பதும் எளிய விவரங்களைத்தான்: வயது, ஆணா பெண்ணா, இணைநோய்கள் எத்தனை, மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, சுயநினைவு, ரத்த யூரியா, சிஆர்பி (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை). மொத்தம் 21 புள்ளி; கூடக் கூட ஆபத்து அதிகம். 2020-இல் பிரிட்டனில் சேர்ந்த நோயாளிகளில் 4 முதல் 8 வரை பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேரும், 9 முதல் 14 வரை பெற்றவர்களில் 31 பேரும் இறந்தார்கள். சிக்கல் ஸ்கோரில் இல்லை, அதில் போடும் எண்களில் இருக்கிறது.

கேஸ் ஷீட்டில் அதிகம் பொய் சொல்லும் எண் மூச்சு எண்ணிக்கை. வரிசையாகப் பத்துப் படுக்கைக்கும் 18 அல்லது 20 என்று எழுதியிருந்தால், யாரும் எண்ணவில்லை என்று பொருள். முழு 60 விநாடி எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிக்கொள்வார். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடி மார்பைப் பார்த்து எண்ணுவது நல்லது.

அடுத்தது ஆக்ஸிஜன் அளவு. ஸ்கோர் கேட்பது வெளிக்காற்றில் எடுத்த அளவை. இரண்டு லிட்டர் ஆக்ஸிஜன் ஓடும்போது காட்டிய 94-ஐ எழுதினால் இரண்டு புள்ளி மறைந்துபோகலாம். அதற்காக மூச்சுத்திணறலில் இருப்பவரின் மாஸ்க்கைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. ஆக்ஸிஜன் வைக்கும் முன் எடுத்த அளவைத் தேடி எடுங்கள். குளிர்ந்த விரல், நகப்பூச்சு எல்லாம் கருவியை ஏமாற்றும். திரையில் அலை சீராக ஓடிய பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். கருமை நிறத் தோலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் 2020 இறுதியில் பேசப்பட்ட விஷயம்தான். எல்லைக்கோட்டில் நிற்கும் 92, 93-ஐ நம்பி நிம்மதி அடைய முடியாது.

பிறகு அலகுகள். ஸ்கோர் யூரியாவை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று கேட்கிறது. 7 மில்லிமோல் என்பது யூரியாவாக அளந்தால் டெசிலிட்டருக்கு 42 மில்லிகிராம், பியுஎன்-ஆக (யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும்) அளந்தால் சுமார் 20. சிஆர்பி லிட்டருக்கா டெசிலிட்டருக்கா என்று பார்க்காவிட்டால் பத்து மடங்கு பிழை. சர்க்கரை நோய் உள்ள 64 வயது ஆணை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 4, ஆண் என்பதற்கு 1, சர்க்கரைக்கு 1. மூச்சு 26-க்கு 1, வெளிக்காற்றில் 89-க்கு 2, யூரியா டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு 1, சிஆர்பி லிட்டருக்கு 82 மில்லிகிராமுக்கு 1. மொத்தம் 11. அதே நோயாளிக்கு மூச்சு 18 என்று ஊகித்து, ஆக்ஸிஜனோடு எடுத்த 94-ஐ எழுதி, டெசிலிட்டருக்கு 8.2 என்று வந்த சிஆர்பியை அப்படியே போட்டால் 7. ரிப்போர்ட் அதேதான், ஆள் அதே ஆள்தான். ஆபத்துப் பிரிவு மட்டும் ஒரு படி இறங்கிவிடுகிறது. (ரத்தக்கொதிப்பு மட்டும் இருந்தால் அது இந்தக் கணக்கில் இணைநோயாகச் சேராது. பலரும் சேர்த்துவிடுகிறார்கள்.)

ரத்த உறைவைக் காட்டும் டி-டைமர் சோதனைக்கும் இதே அலகுத் தொல்லை உண்டு. தவிர, வயதோடு அது தானாகவே ஏறும். முதல் சில நாட்களில் எடுத்த சி.டி. ஸ்கேன் சுத்தமாக இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சேர்ந்த அன்று போட்ட ஸ்கோர் அன்றைய நிலவரம் மட்டுமே. இந்த நோய் பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரத்துக்குப் பிறகுதான் மோசமான பக்கம் திரும்புகிறது. ஆகவே சேர்ந்து எத்தனை நாள் என்பதோடு காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள் என்பதையும் ஷீட்டின் தலைப்பில் எழுத வேண்டும். நோயாளி மோசமாகிறாரா என்று வார்டுகளில் தொடர்ந்து பார்க்கும் நியூஸ்-2 ஸ்கோரில் ஓர் ஓட்டை இருக்கிறது: ஆக்ஸிஜன் வைத்தால் 2 புள்ளி, அது நிமிடத்துக்கு 2 லிட்டரானாலும் 15 லிட்டரானாலும் அதே 2. காலையில் 2 லிட்டரில் 94, இரவில் 15 லிட்டரில் 94 என்றால் ஸ்கோர் அசையாது, நோயாளியோ சரிந்துகொண்டிருப்பார். லிட்டர் கணக்கைத் தனிப் பத்தியில் மணி போட்டு எழுதுவதுதான் இதற்கு வழி. ஸ்டீராய்டு தொடங்கிய பின் சிஆர்பி இறங்குவதையும் வெள்ளணுக்கள் ஏறுவதையும் மருந்தின் வேலையாக முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கணிப்பு தவறினால் இரு பக்கமும் கேடு. கொரோனா மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ரிகவரி ஆய்வில் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் எதுவும் தரவில்லை. 'முற்றிவிடும்' என்ற பயத்தில் முன்னதாகவே ஸ்டீராய்டு எழுதுவதற்கு எந்த ஸ்கோரும் சாக்காகாது.

இன்னொன்று, மேலே சொன்ன சதவீதங்கள் தடுப்பூசிக்கும் ஒமைக்ரானுக்கும் முந்தையவை. இன்றைய நோயாளிக்கு அவை ஆபத்தைக் கூட்டிச் சொல்லக்கூடும். எனவே இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, அந்தக் கருவி எந்த ஆண்டு நோயாளிகளை வைத்து உருவானது, உருவாக்கியவர்களுக்குத் தொடர்பில்லாத வேறு மருத்துவமனையில் சோதிக்கப்பட்டதா, வயதையும் ஆக்ஸிஜன் அளவையும் மட்டும் வைத்துச் சொல்வதைவிட எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது என்ற மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கொரோனா வார்டு மருத்துவர்கள், செவிலியர்கள் சிலர்