இரவில் கேட்கும் சத்தங்களைப் பற்றி மகளுக்கு

திருவையாறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கு நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் என் மனத்திலேயே நிற்கிறது. மடிக்கணினியை மூடிவைத்துவிட்டுப் படுத்த பிறகும் இரவு இரண்டு மணிக்கு அதன் விசிறி தானாகச் சுழல்கிறது என்றும், யாரும் தொடாதபோதே 'டிங்-டாங்' என்று ஒலி எழுகிறது என்றும், பெங்களூரில் தனியாக இருக்கும் அந்த அறையில் அதைக் கேட்டு எழுந்து விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாய் என்றும் சொன்னாய். நம் வீட்டுக் கணினியிலும் சென்ற கோடையில் இப்படித்தான் நடந்தது. காரணம் தெரியாமல் சொன்னால் நீயும் கலங்குவாய் என்று அப்போது உனக்குச் சொல்லவில்லை. இப்போது காரணங்கள் தெரிந்துவிட்டன. தொலைபேசியில் கோவையாகச் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

உன் தாத்தா வெண்ணாற்றங்கரையில் கரையையும் மதகுகளையும் காக்கும் லஸ்கராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். கடைமடைக்குத் தண்ணீர் குறைந்தால் அவர் லாந்தரை எடுத்துக்கொண்டு இரவிலேயே கரையில் நடப்பார். நண்டு வளை வழியாகக் கசியும் நீரின் ஓசை பகலில் கேட்காது, இரவில்தான் கேட்கும் என்பார். ஓசை எங்கிருந்து வருகிறது என்று தெளிவில்லாவிட்டால் மதகுகளை ஒவ்வொன்றாக அடைத்து, ஒன்றை அடைத்த பிறகு மாற்றம் தெரியும்வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்ததைத் தொடுவார். இரண்டை ஒரே நேரத்தில் அடைத்தால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது. நான் கணினியில் செய்ததும் அதையே.

முதலில் ஒரு பழைய நோட்டில் நாள், மணி, எந்த மாதிரிச் சத்தம், அப்போது என்னென்ன இணைக்கப்பட்டிருந்தன என்று எழுதத் தொடங்கினேன். பத்து நாள்களில் 'கணினி சத்தம் போடுகிறது' என்று நாங்கள் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் நான்கு வெவ்வேறு சத்தங்கள் என்று புரிந்தது. ஒலிபெருக்கியின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். மூன்று சத்தங்கள் நின்றன, ஒன்று நிற்கவில்லை. நின்றவை ஒலிபெருக்கி வழியே வருபவை, நிற்காதது பெட்டிக்குள்ளிருந்தே எழுவது. இந்த ஒரு சோதனையில் பாதி குழப்பம் தீர்ந்துவிட்டது.

ஒலிபெருக்கியில் எந்நேரமும் வண்டு ரீங்கரிப்பதைப் போல ஓர் இரைச்சல் இருந்தது. அதே நாள்களில் பெட்டியின் உலோகப் பக்கத்தைத் தொட்டால் விரலில் மெல்லச் சுரீரென்றது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் தெரு எலக்ட்ரீஷியன்தான் அளந்து பார்த்து, எர்த் சரியில்லை என்றார். கணினியின் மின்வழங்கிப் பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டி எப்போதும் சிறிதளவு மின்னோட்டத்தை எர்த் கம்பி வழியே வெளியேற்றும். அந்த வழி அடைபட்டால் அது பெட்டியின் உடலில் தங்கும், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் ஒலிபெருக்கியிலும் ஏறும் என்று விளக்கினார். ஆற்றில் மணல் தெரியத் தொடங்கிய நாளிலிருந்து கொல்லைப்புறத்து எர்த் குழியும் வறண்டு கிடந்திருக்கிறது. உப்பும் கரியும் போட்டு, தளர்ந்திருந்த கம்பியை முறுக்கி, நாலு குடம் தண்ணீர் ஊற்றியதும் அன்று மாலையே இரைச்சல் நின்றது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து இங்கே தண்ணீர் வந்து சேரும்வரை வாரம் ஒருமுறை அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன். நீ இருக்கும் வாடகை வீட்டில் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் இணைப்பானில் செருகியிருக்கிறாய் என்று நினைவு. அதை மாற்றிவிடு.

'டிங்-டாங்' என்பது யூஎஸ்பி வழியே ஒரு கருவி இணைந்தாலோ பிரிந்தாலோ விண்டோஸ் எழுப்பும் ஒலி. யாரும் தொடாமல் அது கேட்டால், ஏதோ ஒரு கருவியின் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்திரு. ஒலி எழும் நொடியில் அந்தப் பட்டியல் ஒருமுறை துடித்துப் புதுப்பித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு கருவியாகப் பிடுங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கொடு. நம் வீட்டில் பிரிண்டரின் கேபிளை எலி கடித்திருந்தது. சம்பா அறுவடை முடிந்ததும் வயலிலிருந்து வீட்டுக்குள் வரும் எலிகள் கோடையிலும் போகவில்லை.

இனி உன்னை மிகவும் அச்சுறுத்தும் விசிறிக்கு வருகிறேன். நாங்கள் இரவில் கணினியை அணைத்துவிடுவோம். ஆகவே இங்கே அது நடந்தது மதிய நேரத்தில், நான் சாப்பிட்டுக் கண்ணயரும் வேளையில். விசிறி இரையும், பெட்டியின் முகப்பு விளக்கு மின்னும். அம்மா போய் மவுசைத் தொட்டவுடன் எல்லாம் அடங்கிவிடும். 'நாம் வருவதை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று அம்மா அஞ்சினாள். அவள் அச்சத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் தொட்டவுடன் ஒளிந்துகொள்வது போலத்தான் அது நடந்தது. ஆனால் விண்டோஸின் பராமரிப்பு வேலைகள் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. நாம் மாற்றாதவரை அவற்றுக்குக் குறித்த நேரம் இரவு 2 மணி. அப்போது கணினி அணைந்திருந்தால், பிறகு ஆள் தொடாமல் சும்மா இருக்கும் வேளையில் தொடங்கும், ஆள் வந்தவுடன் வேகத்துக்கு இடையூறு கூடாது என்று நின்றுவிடும். உன் அறையில் அது சரியாக இரண்டு மணிக்குக் கேட்பதும் இதனால்தான் என்று கருதுகிறேன்.

கருதினால் போதாது, பார்த்துத் தெளிய வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் உழைக்கும் நிரல் மேலே வந்து நிற்கும். திரை அணையாதபடி அமைத்துவிட்டு, எதையும் தொடாமல் எட்டி உட்கார்ந்து பார். நான் ஒரு மதியம் தூங்காமல் அப்படிப் பார்த்தேன். சிறிது நேரத்தில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்சிகியூட்டபிள்' என்ற பெயர் மேலே ஏறியது. அது விண்டோஸின் சொந்தக் காவலாளி, கோப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தது. மூடிய மடிக்கணினியை எழுப்பியது எது என்பதை அறிய, கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரத்தில் 'powercfg /lastwake' என்று ஆங்கிலத்தில் தட்டிக் கேட்டால் அதுவே சொல்லும்.

எல்லாவற்றுக்கும் இப்படி அமைதியான விடை கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே நிற்கும் பெயர் உனக்குத் தெரியாததாக இருந்தால் அதன்மீது வலப்பொத்தானை அழுத்தி, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார். டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறைக்குள் இருந்துகொண்டு இரவும் பகலும் உழைக்கிற நிரலை நம்பாதே. இணையத்தைத் துண்டித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டு. கணினி தானே மறுதொடக்கம் செய்து, ஏறத்தாழ 15 நிமிடத்தில் முடித்துவிடும். பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் என்ற பக்கத்தில் எந்தச் செயலி எப்போது ஒலிவாங்கியைப் பயன்படுத்தியது என்ற விவரம் இருக்கும், அதையும் பார். நம் வீட்டில் நான்காவது சத்தமாக 'டொய்ங்' என்று ஒலித்து 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று மூலையில் எட்டிப்பார்த்த அறிவிப்பு, ஏதோ ஒரு ராசிபலன் தளத்துக்கு அம்மா 'அலவ்' கொடுத்ததால் வந்தது. பிரவுசரின் அமைப்பில் அந்த அனுமதியை நீக்கினேன், போயிற்று. அத்தகைய அறிவிப்பில் உதவி எண் என்று போட்டிருந்தால் எக்காரணம் கொண்டும் அழைக்காதே. அதை நம்பிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

உன்னை உடனே செயல்படச் சொல்வது ஒரு சத்தத்துக்கு மட்டுமே. ஹார்டு டிஸ்கிலிருந்து 'டக், டக்' என்று சீராகக் கேட்டால், உள்ளே எழுதிப் படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தவறுகிறது என்று அர்த்தம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டின்மேல் அது மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் மிதப்பது. அப்போது சோதனை எதுவும் செய்யாமல், முதலில் வேண்டியவற்றை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். உன் மடிக்கணினியில் இருப்பது எஸ்எஸ்டி, அதில் சுழலும் பாகம் கிடையாது. ஆனால் உன் பழைய படங்கள் இருக்கும் வெளி டிஸ்க் சுழலும் வகையைச் சேர்ந்தது. அதை இந்த வாரமே நகலெடுத்துவிடு.

படுக்கும் முன் மூடியை மட்டும் மூடாமல் ஷட் டவுன் கொடு. ஒரே ஓர் இரவு மட்டும், விடுமுறைக்கு முந்தைய நாளாகப் பார்த்து, திறந்து வைத்து நான் சொன்னபடி கவனி. அன்று இரண்டு மணிக்கு நானும் விழித்திருக்கிறேன், தொலைபேசியில் கூடவே இருப்பேன். மேலே வரும் பெயரை எனக்குப் படித்துச் சொல்.

அன்புடன்,
அப்பா