மலைக்கு வேன் எடுக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் பக்கமிருந்து மாதச் சீட்டு பிடித்து வால்பாறைக்கு டூர் அழைத்துப்போகும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன வாரம் வால்பாறை பக்கம் புதுத்தோட்டத்து ரோட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும்; அந்த வீடியோ உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில்தான் சுற்றுகிறது. நான் வந்த வேனை நிறுத்தி, சிங்கவால் குரங்குகளுக்குச் சிப்ஸ் போட்டார்கள். வேண்டாம் என்றேன். "காசு கொடுத்து வந்தவங்க கிட்டத்துல பார்க்க வேணாமா?" என்று பதில் வந்தது. வயிற்றோடு ஒட்டிய குட்டியுடன் ஒரு தாய்க் குரங்கு, உருண்டுபோன பாக்கெட்டை எடுக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் நுழைந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சிலர் கத்தியபிறகுதான் அது வெளியே வந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அந்தக் குரங்குக்கு உலகில் வேறு காடு கிடையாது. மர உச்சியில் பழமும் பூச்சியும் தின்று வாழ்கிற உயிர். தேயிலைக்கும் காபிக்கும் வெட்டியதுபோக மிஞ்சிய துண்டுக் காட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் துண்டையும் ரோடு பிளக்கிறது. இறங்கி அடிபடக் கூடாதென்றுதான் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாமோ ஒரு பாக்கெட்டைக் காட்டி அதைத் தரைக்கு இறக்குகிறோம். தயவுசெய்து அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள், தீனி போட விடாதீர்கள்.

கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையில் வளர்ந்தவர்கள் நாம். ஊர்க் குப்பையை எங்கள் தலையில் கொட்டாதே என்று தெருவில் நிற்பவர்கள். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவிலும் பிரியாணித் தட்டை வீச நமக்கு எப்படி மனம் வருகிறது? வரையாடு மேய்கிற இடம் அது.

எஸ்டேட் ரோட்டோரம் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். தொழிலாளர்கள் உயிரோடு வீடு சேர வைத்த விளக்கு. நம் வேன்காரர்களோ அதைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி ஹார்ன் அடிக்கிறார்கள். நாம் கிளம்பிவிடுவோம். மிரண்ட யானை நிற்கிற அதே வழியில், இருட்டில், தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுக்கு நடந்துபோகிறவர்கள் என்ன செய்வார்கள்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடை டூருக்கு நோட்டீஸ் அடிக்கப்போகிறீர்கள். அதிலிருந்து "குரங்குக்குத் தீனி கொடுக்கலாம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். வேன் கிளம்பும்முன் எல்லோரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதுத்தோட்டத்தில் நிறுத்தாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வேனில் வந்த ஒரு பயணி,
பழைய வண்ணாரப்பேட்டை